தோள்பையில் ஒரு சிறுவர் ரைஃபிள்

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளுக்கென்று அடுக்கி வைத்திருக்கும் குட்டி .22 (குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 0.22 அங்குலம்) ரைஃபிள்களைப் பெரியவர்கள் தங்களுக்கென்றே வாங்கிச் செல்வது இன்று அரிதான காட்சியன்று. முயல் வேட்டைக்குப் போகிறவர், பொறிவைத்து விலங்கு பிடிக்கிறவர், மலையேற்றத்தில் கூடாரத்தோடு ஒரு துப்பாக்கியும் இருக்கட்டும் என்று நினைக்கிறவர், காட்டு வழிகளில் வண்டி ஓட்டுகிறவர் எனப் பலரும் அதை நாடுகிறார்கள். ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ எடையும் இரண்டரை அடி நீளமும் கொண்ட ஒரு துப்பாக்கி நாள் முழுதும் நடக்கிறவருக்குக் கவர்ச்சியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அந்தக் கவர்ச்சி எவ்வளவு தூரம் நியாயமானது என்பதையே இந்த மதிப்புரையில் எடுத்துக்கொள்கிறேன். கிரிக்கெட், சாவேஜ் ராஸ்கல், ஹென்றி மினி போல்ட் ஆகிய மூன்று ஒற்றைத் தோட்டா ரைஃபிள்களே இங்கு முதன்மை. அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய வேறு சிலவற்றையும் சொல்கிறேன். என் முடிவை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன்: சிறு விலங்கு வேட்டைக்கு இவை பெரியவர் கையிலும் நல்ல கருவிகள், காட்டில் மாட்டிக்கொண்டவருக்கு உணவு தேடித்தரும் உயிர்காக்கும் துப்பாக்கி என்ற பெயருக்கு இவற்றின் தகுதி, விற்பவர்கள் சொல்வதைவிட மிகவும் குறைவு.

இந்த மூன்றின் குழல்களும் 16 அங்குலத்தைச் சற்றே தாண்டி நிற்பதற்குக் காரணம் சட்டம். 1934 ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி, குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தாலோ மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ அந்த ரைஃபிள் தனிப்பதிவு தேவைப்படும் வகைக்குள் போய்விடும். ஆகவே கிரிக்கெட்டுக்கும் ராஸ்கலுக்கும் 16.125 அங்குலம், மினி போல்ட்டுக்கு 16.25 அங்குலம். .22 லாங் ரைஃபிள் தோட்டாவைப் பொறுத்தவரை இதனால் இழப்பு ஏதுமில்லை என்றே சொல்லலாம். அதிலுள்ள சிறிதளவு மருந்து ஏறத்தாழ இந்த நீளத்துக்குள்ளேயே எரிந்து முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் குழலை நீட்டினால் வேகம் பெரிதாகக் கூடுவதில்லை. 40 கிரெயின் (ஏறத்தாழ 2.6 கிராம்) குண்டு நொடிக்கு 1,200 அடி வேகத்தில் புறப்பட்டால் அதன் ஆற்றல் ஏறக்குறைய 170 ஜூல். அணிலுக்கும் முயலுக்கும் அது தாராளம். மானுக்கு அது கொடுமை, பெரும்பாலான மாநிலங்களில் .22 கொண்டு மான் வேட்டையாடுவது தடைசெய்யப்பட்டிருப்பதும் அதனால்தான். 50 கஜத்துக்குக் குறி அமைத்த ரைஃபிளில் 100 கஜத்தில் குண்டு ஆறு அங்குல அளவுக்குத் தாழ்ந்துவிடும் என்பதால், குட்டி ரைஃபிளோ பெரிய ரைஃபிளோ, இந்தத் தோட்டாவின் நேர்மையான எல்லை 50, 60 கஜமே. அந்த எல்லைக்குள் நிற்பவருக்குக் குழல் குட்டையாக இருப்பது ஒரு குறையாகவே படாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. சுட விரலால் இழுக்கும் விசையிலிருந்து, தோளில் பதியும் கட்டையின் பின்முனை வரையுள்ள நீளம் பெரியவர்களுக்கான ரைஃபிளில் பொதுவாக 13.5 அங்குலத்தை ஒட்டி இருக்கும். ராஸ்கலில் அது 11.25, கிரிக்கெட்டிலும் மினி போல்ட்டிலும் 11.5. இரண்டு அங்குலம் என்று எண்ணால் சொல்லும்போது சிறிதாகத் தெரிவது, துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கன்னத்தைப் பதிக்கும்போது பெரிதாகிவிடுகிறது. வலது முழங்கை மடங்கி விலாவோடு ஒட்டுகிறது. கட்டையின் கழுத்தைச் சுற்றிப் பிடித்த பெருவிரல் மூக்கு நுனியைத் தொடுகிறது. தோட்டாவை ஏற்றவும் வெற்றுக்கூட்டை நீக்கவும் இயக்கும் உருளையான போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தால் அதன் பின்முனை கண்ணை நோக்கி வருவதால் ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்க வேண்டியிருக்கிறது. .22 ரைஃபிளுக்கு உதை என்று சொல்லத்தக்கது இல்லாததால் இவை எதுவும் காயம் செய்வதில்லை. ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் கன்னம் ஒரே இடத்தில் பதியாமல் போவதால் குறி சிதறுகிறது. பெருவிரலைக் கழுத்தின் மேல் வளைக்காமல் வலப்பக்கத்திலேயே நீட்டி வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஒரு அங்குலம் கூட்டித்தரும் ரப்பர் உறையைக் கட்டையின் பின்முனையில் மாட்டினால் பெரும்பாலானோருக்கு மீதியும் தீரும். அந்த உறையின் எடை பொருட்படுத்தத் தக்கதன்று, விலையும் அப்படியே. இந்த ரைஃபிள்களில் ஒன்றை வாங்கும் பெரியவர் அதோடு சேர்த்தே வாங்க வேண்டிய பொருள் அது என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு விதிவிலக்கான ஒரு சூழல் உண்டு: கடுங்குளிர். கம்பளிச்சட்டை, அதன்மேல் தடித்த மேலங்கி, அதன்மேல் பையின் தோள்வார் என்று அடுக்கிக்கொண்ட ஒருவருக்கு 13.5 அங்குலக் கட்டை அக்குளில் சிக்கிக்கொள்ளும். குட்டைக் கட்டை தடையின்றித் தோளுக்கு வந்துவிடும். பனிக்காலத்தில் முயலுக்குப் போகிறவர்கள் குட்டி ரைஃபிளைப் புகழ்வதில் மிகை இல்லை. அதே ரைஃபிளை வேனிலில் மெல்லிய சட்டையோடு எடுத்தால் அவர்களே முகம் சுளிப்பார்கள்.

இனி ஒவ்வொன்றாக. கிரிக்கெட், பென்சில்வேனியா மாநிலத்தின் மில்டன் நகரிலுள்ள கீஸ்டோன் ஸ்போர்ட்டிங் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் படைப்பு. 2007 இல் சிப்மங்க் என்ற இன்னொரு குட்டி ரைஃபிளும் அதே நிறுவனத்தின் கைக்கு வந்தது. கட்டையின் பொருளைப் பொறுத்து எடை 2.5 முதல் 3 பவுண்டு வரை. மொத்த நீளம் 30 அங்குலம். போல்ட்டைத் திறந்து, ஒரு தோட்டாவை விரலால் உள்ளே தள்ளி, மூடினாலும் துப்பாக்கி சுடத் தயாராவதில்லை. போல்ட்டின் பின்னாலுள்ள குமிழைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தால்தான் உள்ளிருந்து தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் ஊசி விசையோடு கொளுவிக்கொள்ளும். பிள்ளைகளின் பாதுகாப்பைக் கருதிச் செய்த இந்த அமைப்பு, பெரியவருக்கு இரு விதமாக அமைகிறது. குமிழை இழுக்காத வரை வில்லின் அழுத்தம் ஊசியின்மேல் இல்லை என்பதால், புதரில் உரசியும் பாறையில் இடித்தும் நடக்கும்போது மனம் நிம்மதியாக இருக்கிறது. மறுபக்கம், தடித்த கையுறையோடு அந்தச் சிறு குமிழைப் பிடிப்பது சிரமம். விரல் விறைத்திருந்தால் குமிழ் நழுவும். உட்கார்ந்திருக்கும் முயலுக்கு முன் இந்த அசைவைச் செய்து முடிக்கும்போது அது பெரும்பாலும் ஓடியிருக்கும். ஆகையால் பழகிய கைகள் துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்துவதற்கு முன்பே, இடுப்பளவில் வைத்தபடி, குழல் பாதுகாப்பான திசையை நோக்க, மெதுவாகக் குமிழை இழுத்துக்கொள்ளும். கிரிக்கெட்டின் விசை மூன்றிலும் கரடுமுரடானது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஹென்றி மினி போல்ட் அதே தத்துவத்தைக் கொஞ்சம் மேலான பொருளில் செய்தது. இதிலும் குமிழை இழுக்கத்தான் வேண்டும். குழலும் உடலும் துருப்பிடிக்காத எஃகு. மழையும் பனியும் வியர்வையும் படும் துப்பாக்கிக்கு இது பெரிய சலுகை. மாலையில் கூடாரத்துக்குத் திரும்பியதும் எண்ணெய்த் துணியைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒளிரும் இழை பதித்த வில்லியம்ஸ் குறிகள் மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகின்றன. நுண்ணிய இலக்குக்கு மட்டும் முன்குறியின் மணி சற்றே பெரிதாக இருந்து மறைத்துவிடுகிறது. எடை 3.25 பவுண்டு. கிரிக்கெட்டைவிடக் கூடுதலான அந்தச் சில அவுன்சுகள் தோளில் தெரியாது, குறிவைக்கும்போது உதவும்.

சாவேஜ் ராஸ்கல் 2012 இல் வந்தது. 2.66 பவுண்டு எடை. போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கும்போதே ஊசி ஏறிவிடுகிறது. தனிக் குமிழ் இல்லை. விசையில் அக்கியூடிரிகர் என்ற சாவேஜின் சொந்த அமைப்பு இருக்கிறது. விசையின் நடுவே மெல்லிய தகடு ஒன்று நிற்கும். விரல் அதை அழுத்தினாலொழிய விசை விடுபடாது. இழுப்பு இலகுவாகவும் சுத்தமாகவும் இருக்கிறது. இந்த மூன்றில் சுடுவதற்கு எது சிறந்தது என்று கேட்டால் தயங்காமல் ராஸ்கல் என்பேன். துளைக்குறி பின்னால், முள் முன்னால் என்ற அமைப்பு, குறிகளுக்கிடையே தூரம் குறைந்த குட்டி ரைஃபிளுக்கு மிகப் பொருத்தமானது; கண் தானாகவே துளையின் நடுவை நாடிக்கொள்ளும். எடுத்துச் செல்லும் விதத்தில் மட்டும் ஒரு கண்டிப்பு வேண்டும். போல்ட்டை மூடினால் அது சுடத் தயாராகிவிடுகிறது என்பதால், பாதுகாப்புப் பூட்டை மட்டும் நம்பிக் காட்டில் நடப்பதைவிட, குழலின் பின்முனையில் தோட்டா இருக்கும் அறையைக் காலியாக வைத்துத் தோட்டாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடப்பதே முறை.

விசையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. எட்டு பவுண்டு ரைஃபிளில் நான்கு பவுண்டு அழுத்தத்தில் விடுபடும் விசை என்றால், துப்பாக்கியின் எடையே அதை நிலைநிறுத்தும். இரண்டரை பவுண்டு ரைஃபிளில் அதே நான்கு பவுண்டு விசை என்றால், விரல் செலுத்தும் அழுத்தம் துப்பாக்கியின் எடையைவிட அதிகம். இழுக்க இழுக்கக் குழல் ஒரு பக்கம் சாய்கிறது. நெஞ்சின் துடிப்பும் மூச்சும்கூட முன்குறியில் தெரிகின்றன. லேசான துப்பாக்கியால் நன்றாகச் சுட முடியாது என்று சிலர் சொல்வதன் உண்மையான பொருள் இதுதான். குழலின் துல்லியத்தில் குறையில்லை. பையின்மேலோ மரக்கிளையிலோ முன்கட்டையைத் தாங்க வைத்துச் சுட்டால், 25 கஜத்தில் அணிலின் தலையளவு இடத்துக்குள் குண்டுகளை வைக்க இந்த மூன்றாலும் முடியும். நின்றபடி, தாங்கல் இல்லாமல், வேகமாக மூச்சு வாங்கும்போது சுட வேண்டுமானால், ஐந்து பவுண்டு ரைஃபிளே மேல்.

வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் இன்னொன்றையும் எண்ண வேண்டும். அளவும், சில வகைகளில் வரும் வண்ணக் கட்டைகளும், இதைப் பொம்மையைப் போலக் காட்டுகின்றன. 2013 ஏப்ரலில் கென்டக்கி மாநிலத்தில், இத்தகைய குட்டி .22 ஒன்றைக் கையில் எடுத்த 5 வயதுச் சிறுவனால் அவனுடைய 2 வயதுத் தங்கை உயிரிழந்தாள். அது அவனுக்கென்றே கொடுக்கப்பட்டிருந்த துப்பாக்கி. உள்ளே தோட்டா இருந்தது பெரியவர்களுக்குத் தெரியவில்லை. பெரியவர் தம் உபயோகத்துக்கு வாங்கி, வேட்டைப் பையிலேயே விட்டுவைக்கும் ரைஃபிளுக்கும் அதே ஆபத்து உண்டு. பையில் கிடப்பது துப்பாக்கி வைக்கும் இடத்தில் இருப்பதாகாது. திரும்பி வந்த அன்றே பையிலிருந்து எடுத்து, போல்ட்டைத் திறந்து அறையை விரலால் தடவிப் பார்த்து, பெட்டியில் பூட்ட வேண்டும். தோட்டாக்கள் வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

உயிர்காக்கும் துப்பாக்கி என்ற பேச்சுக்கு வருகிறேன். இதற்கு ஒரு மெய்யான வரலாறு இருக்கிறது. விமானம் விழுந்து தப்பிய விமானிகளுக்காக அமெரிக்க விமானப்படை இரண்டாம் உலகப் போருக்குப் பின் தனித் துப்பாக்கிகளைச் செய்வித்தது. மடித்து வைக்கத்தக்க எம்6 இல் மேலே .22 ஹார்னெட் ரைஃபிள் குழல், கீழே .410 சிதறுகுண்டுக் குழல். 1956 இல் ஆர்மலைட் நிறுவனத்தின் ஏஆர்-5, எம்ஏ-1 என்ற பெயரில் ஏற்கப்பட்டது. பழைய துப்பாக்கிகளே போதிய அளவு இருந்ததால் அது பெருமளவில் வாங்கப்படவில்லை. அந்த எண்ணத்தையே .22 லாங் ரைஃபிளுக்கு மாற்றி, பொதுமக்களுக்கென்று யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ஏஆர்-7 1959 இல் வந்தது. இன்று ஹென்றி நிறுவனம் செய்யும் அதன் வடிவத்தில் குழல், உடல், தோட்டாக்களை அடுக்கும் மேகசின் எல்லாம் கழன்று பின்கட்டைக்குள் அடங்கிவிடுகின்றன. அடங்கிய நிலையில் நீளம் 16.5 அங்குலம், எடை 3.5 பவுண்டு. குட்டி ரைஃபிளுக்கு நேர் எதிர்ப் போட்டி இதுவே.

இரண்டையும் ஒப்பிட்டால், வண்டியிலோ படகிலோ ஆண்டு முழுதும் கிடந்து, ஒரு நாள் தேவைப்பட்டால் தேவைப்படட்டும் என்று வைக்கும் பொருளுக்கு ஏஆர்-7 பொருத்தம். கட்டை பெரியவருக்கான நீளம். எட்டுத் தோட்டா மேகசின். உள்ளே எல்லாம் பத்திரம். ஆனால் அது தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. 40 கிரெயின் எடையும் உருண்டை முனையும் கொண்ட வேகமான தோட்டாக்களையே அது விரும்பும். மந்தமான தோட்டாவைக் கொடுத்தால் சிக்கிக்கொள்ளும். குட்டி ஒற்றைத் தோட்டா ரைஃபிள்களோ நீளத்தில் வேறுபடும் .22 ஷார்ட், லாங், லாங் ரைஃபிள் மூன்றையும், ஒலியைவிட மெதுவாகச் செல்லும் தோட்டாவையும் ஒரே போல் ஏற்றுக்கொள்ளும். கிடைத்ததைச் சுடும் இந்தக் குணம்தான் உயிர்காப்புப் பேச்சில் எனக்கு உண்மையாகப் படும் ஒரே வாதம். 50 தோட்டாக்கள் 170 கிராமுக்கு மேல் இருக்காது என்பதும் நல்லதே.

மற்றபடி, வழிதவறிய ஒருவரை முதல் இரண்டு, மூன்று நாட்களில் வீழ்த்துவது குளிரும் நீரின்மையும் காயமும், பசியன்று. ஒன்றேகால் கிலோவுக்குத் தார்ப்பாய், தீப்பொறிக் கருவி, நீர் வடிகட்டி, அவசரச் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவி எல்லாமே சேர்ந்து வந்துவிடும். இவை இல்லாத பையில் ரைஃபிள் இருந்து பயனில்லை. பல வாரம் நீடித்தால்கூட, முயல் கறியை மட்டுமே உண்பவர் நலிந்துபோவார். கொழுப்பே இல்லாத அந்தக் கறியின் புரதத்தை மட்டும் கொண்டு உடல் தாக்குப்பிடிக்காது என்பதை வடபுலத்துப் பயணிகள் நெடுங்காலமாக அறிவார்கள். ஆகவே இந்த ரைஃபிளை வாங்குகிறவர் வேட்டைக்காக வாங்கட்டும். பருவமும் உரிமமும் உள்ள நாளில், நடையோடு நடையாக இரண்டு முயலைச் சட்டிக்குக் கொண்டுவரும் கருவியாக அது முழு நிறைவு தரும்.

வேட்டையே நோக்கம் என்றால், பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் நடுவிலிருக்கும் வகையையும் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. ரூகர் அமெரிக்கன் ரிம்ஃபயர் காம்பாக்ட் 18 அங்குலக் குழலும் 12.5 அங்குலக் கட்டை நீளமும் உடையது. பின்கட்டையின் ஒரு பகுதியைக் கழற்றி, நீளமான பகுதியை மாட்டினால் அது முழுமையான பெரியவர் ரைஃபிளாகிவிடும். அந்நிறுவனத்தின் தானே ஏற்றிக்கொள்ளும் .22 ரைஃபிளான ரூகர் 10/22 இன் அதே பத்துத் தோட்டா மேகசின் இதற்கும் பொருந்தும். செக் நாட்டுத் தயாரிப்பான சிஇசட் 457 ஸ்கவுட் எனக்கு மிகவும் பிடித்தது: 16 அங்குலக் குழல், ஐந்து பவுண்டு, வழுக்கிச் செல்லும் போல்ட், பிள்ளைகளுக்குப் பயிற்றுவிக்க ஒற்றைத் தோட்டாத் தட்டோடு வரும் இதில் பெரியவர் மேகசினை மாட்டிக்கொள்ளலாம். விலை கிரிக்கெட்டைப் போல் இரு மடங்குக்கும் மேல். 2012 இல் வந்த ரூகர் 10/22 டேக்டவுன் இரண்டாகப் பிரிந்து பையில் அடங்கும், ஆனால் எடை 4.67 பவுண்டு. துப்பாக்கியை எடுத்துச் செல்லும் நேரம் அதிகமா, சுடும் நேரம் அதிகமா என்று தம்மையே கேட்டுக்கொண்டால் விடை தெளிவாகும். நாளெல்லாம் பொறிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒருமுறையோ இருமுறையோ விசையைத் தொடுகிறவருக்கு மினி போல்ட். முயலைத் தேடியே போகிறவருக்கு ஸ்கவுட்.

மான் வேட்டைக்கான சிறுவர் ரைஃபிள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். .243 தோட்டாவில் ரூகர் அமெரிக்கன் காம்பாக்ட், மாஸ்பெர்க் பேட்ரியட் சூப்பர் பாண்டம் போன்றவை அடர்ந்த புதரிலும் மரத்தின் மேல் கட்டிய பரணிலும் பெரியவருக்கு வசதியானவை. மாஸ்பெர்க்கில் கட்டையை 12 இலிருந்து 13 அங்குலத்துக்கு நீட்டும் இடைத்துண்டும் உண்டு. அதைவிடப் பெரிய .308 தோட்டாவில் மட்டும் இவற்றை வாங்க வேண்டாம். ஆறு பவுண்டு துப்பாக்கியில் அதன் உதை கடுமையானது. குட்டைக் கட்டையால் கண் ஸ்கோப்புக்கு (தொலைநோக்கிக் குறி) மிக அருகே போய்விடுவதால் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும், பெருவிரல் மூக்கில் மோதும்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியவை சில. கட்டையை அறுத்தோ குழலை வெட்டியோ இன்னும் குட்டையாக்கிப் பையில் திணிக்கும் ஆசை சிலருக்கு வருகிறது. 16 அங்குலமும் 26 அங்குலமும் முன்னே சொன்ன சட்டத்தின் எல்லைகள் என்பதால் அது கூட்டரசுக் குற்றமாக முடியும். கட்டையையும் உடலையும் பிணைக்கும் திருகுகளைக் கழற்றிப் பிரித்து எடுத்துச் சென்றால், மறுபடி பூட்டிய பின் குறி மாறியிருக்க வாய்ப்புண்டு; சில குண்டுகளைச் சுட்டுச் சரிபார்க்காமல் விலங்கின்மேல் நீட்டக் கூடாது. ஓர் அங்குல அகலமுள்ள மெல்லிய வார் போதும். அகன்ற தோல்வார் துப்பாக்கியின் எடைக்கே ஈடாகிவிடும். ரப்பர் உறையை மாட்டிய பின்பே குறியை அமைக்க வேண்டும், ஏனெனில் கன்னம் பதியும் இடம் அதனால் மாறுகிறது. இரண்டு, மூன்று வகைத் தோட்டாக்களை வாங்கி 25 கஜத்தில் தாங்கல் வைத்துச் சுட்டுப் பார்த்து, எது நெருக்கமாக விழுகிறதோ அதையே அந்த ரைஃபிளுக்கு நிரந்தரமாக்கிக்கொள்ளலாம். இந்தக் குட்டிக் குழல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தோட்டாவை விரும்புகின்றன.